அழிப்புச் சான்று எண் 41

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

1. இக்கடிதத்தை எழுதுபவன் உங்கள் மனைவியின் மூத்த சகோதரன், தொழிலால் வழக்கறிஞன், வயது ஐம்பத்தேழு. நீங்கள் பதிவறைக் காப்பாளராகப் பணிபுரியும் ஆவணக் காப்பகத்தில், எந்தப் பழைய ஆவணங்களை அழிக்கலாம் என்று முடிவுசெய்யும் கழிவு ஆய்வுக் குழுவில் பதினோரு ஆண்டுகளாகச் சட்ட உறுப்பினன்.

2. நமக்குள் மூன்று ஆண்டுகளாகப் பேச்சில்லை. கூரை ஒழுகி நனைந்த பதிவேடு ஒன்றை நீங்கள் அனுமதி பெறாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் மின்விசிறியின் கீழ் உலர்த்தினீர்கள். அதைக் குறித்து நான் ஆறு பக்க அறிக்கை எழுதினேன். உங்கள் பதவி உயர்வு நின்றது. அந்த அறிக்கையில் திருத்த வேண்டிய வரி எதுவும் எனக்கு இன்றும் தென்படவில்லை.

3. ஆகவே இக்கடிதத்தை உறவின்பாற்பட்டதாகக் கருத வேண்டாம். தொலைபேசியில் பேசினால் இரண்டாம் வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வரும் என்பதால் எழுதுகிறேன்.

செய்தி இதுதான். மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் மேல் எழுந்த உங்கள் காலனியை இன்னும் நான்கு தெருக்கள் விரிவாக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். சுரங்கத்தின் பழைய அளவைப் புத்தகங்களைப் பார்க்காமல் அனுமதிக்கக் கூடாது என்று யாரோ வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். அந்த இருபத்தாறு கையெழுத்துப் புத்தகங்களும் சென்ற செப்டம்பர் 12 அன்று, அழிப்புச் சான்று எண் 41இன்படி, காகித ஆலையில் கூழாக்கப்பட்டுவிட்டன என்று உங்கள் இயக்குநர் பதிலளித்துள்ளார். அழிப்பை நேரில் கண்ட உறுப்பினர் ஒருவர் இம்மாதம் 30ஆம் தேதிக்குள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்பது நீதிமன்றத்தின் உத்தரவு. இயக்குநர் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

சான்றில் என் கையொப்பம் இருக்கிறது. ஆனால் அன்றைய நிகழ்ச்சி எதுவும் நினைவில் இல்லை. நினைவில்லை என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. அது எனக்குத் தெரியும். புத்தகங்கள் அழிந்துவிட்டன என்று நீங்கள் ஒரே வரியில் உறுதிசெய்தால் போதும்.

தங்கையையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 8

வக்கீல் மச்சானுக்கு,

ஒரே வரியில கேட்டிருக்கீங்க. நம்பர் போட்டு மூணு பாரா எழுதிட்டு, எனக்கு மட்டும் ஒரு வரி. எங்க ரூம்ல உங்களுக்கு "கமா"ன்னு பேர் வெச்சிருக்காங்க, தெரியுமா? மனுஷன் எதையும் முற்றுப்புள்ளி வெச்சு முடிச்சதே இல்லையாம். பேர் வெச்சது நான் இல்ல, பைண்டர்.

சரி, உங்களுக்கு ஏன் நினைவில்லன்னு நான் சொல்றேன். நீங்க வரவே இல்ல, அதான். ஒவ்வொரு ஜனவரியும் வருவீங்க. என் மேசையில உக்காந்து, பன்னிரண்டு வெறும் சான்றுப் படிவத்துல வரிசையா கையெழுத்துப் போட்டுட்டுப் போவீங்க. ஆலை லாரி என்னைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது. அதுக்காக ஒவ்வொரு தடவையும் ஏழு மணி நேரம் பஸ்ல வர முடியுமா? இயக்குநரும் அப்படித்தான் போடுவார். எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல இருந்தே அதுதான் நடைமுறை. லாரி வந்தா தேதியையும் பட்டியலையும் நாங்க நிரப்பிக்குவோம்.

செப்டம்பர் 12ஆம் தேதி பட்டியல்ல அந்த இருபத்தாறும் இருந்துச்சு. படிவத்தை நிரப்பியாச்சு. ஏத்த ஏத்த லாரி நெறஞ்சுபோச்சு. "மிச்சம் அடுத்த தடவை"ன்னு டிரைவர் கதவை அடைச்சுட்டான். புத்தகங்களை மூணாம் ரூம்ல கீழ் ரேக்குல திருப்பி வெச்சோம். சான்றை யாரும் திருத்தல. உங்க கையெழுத்து விழுந்த படிவத்துல அடிச்சுத் திருத்த எங்களுக்கு என்ன தைரியம்? அடுத்த தடவை வந்தப்ப பட்டியல்ல அதுங்க பேர் இல்ல. ஏன்னா, காகிதத்துல அதுங்க ஏற்கெனவே செத்துப்போச்சு.

ஆக, உங்க ஒரு வரி: இருக்கு மச்சான். இருபத்தாறும் இருக்கு.

இதை இன்னும் யாருக்கும் சொல்லல. ஆனா செவ்வாய்க்கிழமையில இருந்து இயக்குநரோட டிரைவர் மூணாம் ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கார். கேட்டா, "சும்மா, உள்ள காத்து நல்லா இருக்கு"ங்கறார். அந்த ரூம்ல ஜன்னலே கிடையாது.

உங்க தங்கச்சி நல்லா இருக்கா. சமையல்கட்டுக் கதவு மழைக்கு அப்புறம் சாத்த மாட்டேங்குது. தச்சர் ரெண்டு தடவை இழைச்சார். மூணாவது தடவை கூப்பிட்டப்ப உளியைக்கூட எடுக்கல. "கதவு நேராத்தான் இருக்கு சார், வீடுதான் கோணல்"னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

மாப்பிள்ளை

*

மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்தேன், பூட்டி வைத்தேன். கடிதமும் ஓர் ஆவணம்தான். நாளை யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இத்தகைய விஷயங்களை இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டாம்.

படிவங்களில் முன்கூட்டிக் கையொப்பமிட்டதை நான் மறுக்கவில்லை. அது நிர்வாக வசதிக்காக ஏற்பட்ட வழக்கம். அதை வேறு பெயர் சொல்லி அழைக்க விரும்புபவர்கள் இருக்கலாம்.

என் நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்கிறேன். அழிப்பைக் கண்டேன் என்று சத்தியம் செய்தால் அது பொய்ச் சாட்சியம். காணவில்லை என்று சொன்னால் சான்று எண் 41 மட்டும் விழாது. பதினோரு ஆண்டுச் சான்றுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியும். எவை உண்மையில் அழிந்தன, எவை அழிக்கக் கூடாதவையாக இருந்து அழிந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். என்னிடம் பதில் இருக்காது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் அணிந்துவரும் கறுப்பு அங்கியைக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். சொல்வதும் நியாயமே.

புத்தகங்களை இடம் மாற்ற வேண்டாம். குறிப்பாக, வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். சென்றமுறை நிகழ்ந்ததே மீண்டும் நிகழும். இம்முறை அறிக்கை எழுதுபவர் உங்கள் உறவினராக இருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லவும். அப்புத்தகங்களில் உங்கள் வீடு இருக்கும் மூன்றாம் தெருப் பகுதி வருகிறதா? கதவைப் பற்றி நீங்கள் எழுதியதால் கேட்கிறேன். வேறு காரணம் இல்லை.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 16

மச்சானுக்கு,

வருது.

டிரைவர் சாப்பிடப் போன அரை மணி நேரத்துல பார்த்தேன். பத்தொன்பதாம் புத்தகம். எழுதின சர்வேயர் செத்து எழுபது எண்பது வருஷம் இருக்கும். ஆனா கையெழுத்து நேத்து எழுதின மாதிரி இருக்கு. ஓரமெல்லாம் செல்லரிச்சிருக்கு, எழுத்துல ஒரு ஓட்டை இல்ல. எல்லா அளவும் சுரங்கத்தோட பழைய புகைபோக்கியில இருந்து தொடங்குது. அதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இன்னும் நிக்குதே, சோப்பு விளம்பரம் ஒட்டி வெச்சிருக்காங்களே, அதேதான். பக்கம் அறுபத்திரண்டை ஒரு துண்டுத் தாள்ல காப்பி எடுத்துக்கிட்டேன். சாயங்காலம் புகைபோக்கியில இருந்து அடி வெச்சு நடந்தே பார்த்தேன். வாக்கிங் போறவங்க எல்லாம் "என்ன சார், டாக்டர் நடக்கச் சொன்னாரா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன்.

அவர் எழுதினதை அப்படியே தர்றேன்:

"ஏழாம் குடைவு. மேல்மண் மிக மெல்லியது. கூரையைத் தாங்க விடப்பட்டிருந்த நிலக்கரித் தூண்கள், சுரங்கத்தை மூடும் முன் நிர்வாக உத்தரவின்படி வெட்டி எடுக்கப்பட்டன. நான் ஆட்சேபித்தேன். இப்பகுதியின் மேல் எக்காலத்திலும் எதுவும் கட்டலாகாது."

ஏழாம் குடைவு எங்க முடியுதுன்னு நடந்து பார்த்தேன் மச்சான். மூணாம் தெரு பதினொண்ணாம் நம்பர்ல தொடங்கி பத்தொன்பது வரைக்கும். அதையும் தாண்டி தெருக்கோடியில இருக்கிற தொடக்கப்பள்ளி வரைக்கும். நாங்க பதினாலு.

அடுத்த நாள் காலையில இயக்குநர் கூப்பிட்டார். கெட்டவர்னு நினைக்காதீங்க. பாவம், முகம் வெளுத்துப்போயிருந்தார். அவரும் உங்கள மாதிரி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டவர்தானே. "புத்தகம் இருக்குன்னு எனக்கும் தெரியும்"னார். "சான்று சரியாத்தான் இருக்கு. சரக்குதான் சரியில்ல. சரக்கைச் சான்றுக்கு ஏத்த மாதிரி ஆக்கிடுவோம். இருபத்தெட்டாம் தேதி லாரி வருது"ன்னார்.

உங்க தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல. ராத்திரி படுத்தா தரையில காதை வெச்சுக் கேக்கணும் போல இருக்கு. கேக்கல. கேட்டு என்ன பண்றது?

என்ன பண்ணலாம்னு சொல்லுங்க. நீங்கதான் சட்டம் படிச்சவர்.

மாப்பிள்ளை

*

மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

மூன்று நாள் யோசித்த பின் இதை எழுதுகிறேன்.

முதலாவது. தங்கையையும் குழந்தையையும் உடனே இங்கே அனுப்பவும். எனக்கு உடல்நலமில்லை, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்பது உண்மையே. ஆகவே இதில் பொய் இல்லை.

இரண்டாவது. பிரமாணப் பத்திரத்தின் வரைவை இணைத்திருக்கிறேன். முக்கியமான வாக்கியம் இதுதான்: "அழிப்புச் சான்று எண் 41இல் உள்ள கையொப்பம் என்னுடையதே, என் அறிவுக்கு எட்டியவரை, குறித்த நடைமுறைப்படியே அச்சான்று தயாரிக்கப்பட்டது." இவ்வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கையொப்பம் என்னுடையது. நடைமுறையும் அதுவே. புத்தகங்களைப் பற்றி இவ்வாக்கியம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கத் தவறினால், அது அவருடைய தவறு.

மூன்றாவது. மற்ற எட்டு வீடுகளையும் பள்ளியையும் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுபது எண்பது ஆண்டுகளாக விழாத நிலம், வழக்கு நடக்கும் சில மாதங்களில் விழுந்துவிடும் என்று கருத ஆதாரம் இல்லை. உரிய காலத்தில், உரிய துறைக்கு, பெயர் குறிப்பிடாமல் தகவல் தரலாம். அவர்கள் என் கட்சிக்காரர்கள் அல்லர்.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டு அடிக்க நினைத்தேன். அடித்தால் நீங்கள் அதைத்தான் முதலில் படிப்பீர்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

வரைவைக் குறித்து உங்கள் கருத்தை எழுதவும்.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 24, பஸ் ஸ்டாண்டு

மச்சானுக்கு,

நின்னுக்கிட்டே எழுதுறேன், கோணல்மாணலா இருக்கும்.

இருபத்தெட்டாம் தேதி வர வேண்டிய லாரி இன்னைக்கு விடிஞ்சதும் வந்துடுச்சு. எனக்கு நேத்தே கட்டாய லீவு கொடுத்து சாவியை வாங்கிட்டாங்க. பைண்டர்தான் ஓடி வந்து சொன்னார். இருபத்தாறையும் ரெண்டு சாக்குல கட்டி, சாக்குல ஒரு நம்பரும் எழுதாம ஏத்தியிருக்காங்க.

ஆலை வாட்ச்மேன் பைண்டருக்குத் தெரிஞ்சவர். இந்தச் சரக்கு இருபத்தேழாம் தேதி காலையிலதான் ஊறல் தொட்டியில விழுமாம். அதுவரைக்கும் கொட்டகையில கிடக்கும். நான் அங்க போறேன். போய் வெறும் கையோட நின்னா கேட்டுக்கு வெளியதான் நிக்கணும். உங்க விதிப் புத்தகத்துல ஒன்பதாம் விதி இருக்கே, நீங்களே எழுதினது: குழு உறுப்பினர் யாராவது ஆட்சேபக் குறிப்பு கொடுத்தா, கூழாக்குறதை அந்த நிமிஷமே நிறுத்தணும். அசல் கையெழுத்து வேணும், ரெண்டு சாட்சி வேணும், காரணம் எழுதியிருக்கணும். என்ன காரணம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்க வரைவைப் படிச்சேன். நல்லா இருக்கு மச்சான். ஒரு ஓட்டை இல்ல. தண்ணிகூட ஒழுகாது. அதை உங்க தங்கச்சியும் படிச்சுட்டா. என் சட்டைப் பையில இருந்து எடுத்தா. எழுந்து நேரா எதிர்வீட்டு அக்காகிட்ட போய் எல்லாத்தையும் சொல்லியிருக்கா. அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி: "இது சர்க்கார் பேப்பர்ல இருக்கா?" இல்லைன்னு சொல்லியிருக்கா. "அப்ப என்ன பயம்"னு அந்தம்மா துணி காயப்போடப் போயிட்டாங்களாம்.

பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்புத் தரை ஒரு சாண் இறங்கியிருக்கு. தலைமை ஆசிரியை அந்த இடத்துல பெஞ்சைக் குறுக்கே போட்டு, "யாரும் இங்க உக்காரக் கூடாது"ன்னு சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்காங்க.

என்னை வழியனுப்ப வந்தவ, "நீங்க ஆலைக்குப் போங்க, நான் அண்ணன்கிட்ட போறேன்"னு பிடிவாதமா நிக்கிறா. பாப்பாவை எதிர்வீட்டுல விட்டுட்டு வந்திருக்கா. அவ பஸ் கிளம்பிடும் போல. இந்தக் கடிதத்தை அவ கையில குடுக்கிறேன்.

போன தடவை நனைஞ்ச புத்தகத்தை நான் எடுத்துக்கிட்டுப் போனதுக்கு நீங்க ஆறு பக்கம் எழுதினீங்க. இந்தத் தடவை ஒரு பக்கம் போதும்.

மாப்பிள்ளை

*

மார்ச் 25

மாப்பிள்ளைக்கு,

தங்கை நேற்று மாலை என் அலுவலகத்துக்கு வந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்றேன். வரவில்லை. கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். குமாஸ்தா தண்ணீர் கொண்டுவந்து, "பெரிய வீட்டுப் பொண்ணு இங்க உக்காரலாமா?" என்றார். "நான் தங்கச்சியா வரல அண்ணே. மூணாம் தெரு பதினாலாம் நம்பர் வீட்டுக்காரியா வந்திருக்கேன். வக்கீலைப் பார்க்கணும்" என்றாள்.

உங்கள் கடிதத்தைத் தந்தாள். படித்தேன். குழந்தையை அழைத்து வந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"அவசரத்துல வந்தேன். எதிர்வீட்டுல இருக்கா."

"எதிர்வீட்டின் எண் என்ன?"

"பதினஞ்சு."

பதினொன்று முதல் பத்தொன்பது வரை என்று நீங்கள் எழுதியிருந்தது என் மேசையின் மேல்தான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதுவரை அழாதவள் அப்போதும் அழவில்லை. "அண்ணா, ஒம்பது வீட்டுல எந்த வீட்டுல விட்டிருந்தாலும் இதே கணக்குதானே" என்று மட்டும் சொன்னாள்.

எதிர்வீட்டுக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னேன். குழந்தையைப் புகைபோக்கிக்கு அப்பால் உள்ள பைண்டர் வீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொன்னாள். அந்த அம்மாள் ஒப்புக்கொண்டார். ஆனால் தன் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். சர்க்கார் காகிதத்தில் எதுவும் இல்லை அல்லவா?

வரைவைக் கிழிக்கவில்லை. கீழே உள்ள குறிப்பின் படியுடன் இணைத்து நீதிமன்றத்துக்கு அனுப்புகிறேன். ஒருவன் எவ்வளவு கவனமாகப் பொய் சொல்லாமல் இருக்க முடியும் என்பதற்கு அதுவும் ஆதாரம். ஒன்பதாம் விதியின்படி எழுதிய குறிப்பு கீழே இருக்கிறது. தங்கை இதை எடுத்துக்கொண்டு ஆலை இருக்கும் ஊருக்குப் போகும் பேருந்தில் இன்று புறப்படுகிறாள். நாளை மாலைக்குள் உங்கள் கையில் சேரும். அசல் ஒன்றே உள்ளது. அதை வாட்ச்மேன் கையில் விட்டுவிடாதீர்கள்.

சாக்குகளின் மேல் உட்கார்ந்தாவது அவற்றைக் காக்கவும். தேவைப்பட்டால் வீட்டுக்குக் கொண்டுபோகவும். பதினான்காம் எண் வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.

ஆட்சேபக் குறிப்பு

1. இதில் கையொப்பமிடுபவன் ஆவணக் காப்பகக் கழிவு ஆய்வுக் குழுவின் சட்ட உறுப்பினன்.

2. அழிப்புச் சான்று எண் 41இல் உள்ள கையொப்பத்தை, அதில் காணும் தேதிக்கு எட்டு மாதங்கள் முன்னர், ஜனவரியில், வெற்றுப் படிவத்தில் இட்டேன். செப்டம்பர் 12 அன்று நான் அந்த ஊரிலேயே இல்லை. எந்த அழிப்பையும் நான் காணவில்லை.

3. பதினோரு ஆண்டுகளாக எல்லாச் சான்றுகளிலும் இவ்வாறே கையொப்பமிட்டுள்ளேன். அவற்றுள் எத்தனை உண்மை என்று என்னால் சொல்ல இயலாது.

4. சுரங்க அளவைப் புத்தகங்கள் இருபத்தாறும் மார்ச் 24 காலை வரை காப்பகத்தில் இருந்தன. இப்போது எண்ணிடப்படாத இரண்டு சாக்குகளில் ஆலைக் கொட்டகையில் உள்ளன. அவற்றில் ஒரு தாளும் தண்ணீரில் விழலாகாது.

5. பத்தொன்பதாம் புத்தகம், பக்கம் 62இன்படி, மூன்றாம் தெரு எண் 11 முதல் 19 வரையுள்ள வீடுகளுக்கும் தொடக்கப்பள்ளிக்கும் கீழே தூண் இல்லாத வெற்றிடம் உள்ளது. அப்புத்தகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அங்கு இருப்போர் உடனே வெளியேற வேண்டும்.

6. இதன் படிகள் நீதிமன்றத்துக்கும், பள்ளித் தலைமை ஆசிரியைக்கும், ஒன்பது வீடுகளுக்கும் என் முத்திரையிட்ட தாளில் இன்றே அனுப்பப்படுகின்றன. கேட்பவர்களுக்கு இதுவே அரசுக் குழு உறுப்பினரின் காகிதம்.

7. இதன் விளைவுகளை அறிந்தே எழுதினேன். எவரும் வற்புறுத்தவில்லை.

கையொப்பம்: சட்ட உறுப்பினன்

சாட்சிகள்:

1. குமாஸ்தா. இருபத்திரண்டு ஆண்டுகளாக மேற்படி வழக்கறிஞரிடம் பணி. படித்துப் பார்த்து, இரண்டு முறை "யோசிச்சுக்கோங்க ஐயா" என்று சொல்லிய பின் கையொப்பமிட்டார்.

2. தங்கை. உறவினர் சாட்சியம் வலுவற்றது என்று எடுத்துச் சொல்லப்பட்டது, இருந்தும் கையொப்பமிட்டார். முகவரி: மூன்றாம் தெரு, எண் 14. முகவரியின் கீழ் அவர் தம் கையால் சேர்த்தது: "நேத்து காலையில நான் பூட்டிட்டுக் கிளம்பினப்ப வீடு நின்னுக்கிட்டு இருந்துச்சு."